பதினாலாம் நம்பர் பஸ்ஸும் பெப்பர்மின்ட் மிட்டாயும்

ஜாய்ஸ் கொடுத்த பெப்பர்மின்ட் மிட்டாயை ஆர்லீன் டைக்ஹவுஸ் வாயில் போடவில்லை. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிரசங்கம் தொடங்கியதும் பெஞ்சுக்குப் பெஞ்சு மிட்டாய் கைமாறுவது அந்த ஊர் சர்ச்சில் வழக்கம். யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆர்லீனும் சொல்லவில்லை. ஆதாரம் கையில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

மிச்சிகன் ஏரிக்குக் கிழக்கே, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். பனி முட்டளவு விழுந்த நாளிலும் பதினாலாம் நம்பர் பஸ் நேரத்துக்கு வந்து நிற்கும். எந்த வீட்டு நாய் சக்கரத்தைத் துரத்தும், எந்தப் பிள்ளை காலை உணவில்லாமல் ஏறும், எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்த பஸ்ஸைத்தான் அக்டோபரில் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். இப்போது அதை ஓட்டுவது ட்ரெண்ட். ஜாய்ஸின் அண்ணன் மகன். பஸ் ஷெட்டில் யாருக்கு எந்த பஸ் என்று ஒதுக்குகிறவள் ஜாய்ஸ். இதற்கு மேல் சந்தேகப்பட என்ன வேண்டும், சொல்லுங்கள்!

நடந்தது இதுதான். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, தம்பி கோர்டியின் தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கப் போனாள். அறுவடை நேரத்தில் பாதி ஊரே அங்கேதான் இருக்கும். நாலாவது கூடை நிரம்பியபோது முகம் நெருப்பாகக் காய்ந்தது, வயிறு புரட்டியது, கண் இருட்டியது. மரத்தடியில் சாய்ந்துவிட்டாள்.

"அக்கா! அக்கா, என்னைப் பாரு!" கோர்டி கன்னத்தில் தட்டினான்.

"ஒண்ணுமில்லடா. வெயிலு."

"பாரன்ஹீட்டுல எழுபதுதான் இருக்கு. இது ஒரு வெயிலா?"

கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஜாய்ஸ் தண்ணீரோடு நின்றாள். ஆர்லீன் விழுவதற்குச் சற்று முன்னால் ஒரு பெப்பர்மின்ட் கொடுத்ததும் அவள்தான்.

இரண்டாவது தடவை, அக்டோபர் முதல் வெள்ளி. அன்று டிரைவர்கள் எல்லாரும் ஷெட்டுக்கு வெளியே கூடிப் புதிதாகப் பிழிந்த ஆப்பிள் சாறும் டோனட்டும் சாப்பிடுவார்கள், வருடா வருடம். மதிய ஓட்டத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது பஸ் படியிலேயே ஆர்லீன் சரிந்தாள். முகம் செக்கச்செவேல், பேச்சு குழறல். குடித்திருக்கிறாளா என்று ஊதிப் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தார்கள். பூஜ்யம் காட்டியது. காட்டினால் என்ன? குடிப்பதையே பாவமாக நினைக்கும் ஊர் அது. "எப்பவும் வாயில மிட்டாய் போட்டுக்கிட்டே இருக்காளே, எதுக்காம்?" என்று கிளம்பிவிட்டது பேச்சு.

இருதய டாக்டர் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. "ஏதாவது ஒத்துக்காம போயிருக்குமா? பூச்சி கீச்சி கடிச்சுதா?" என்றுகூடக் கேட்டார். "இல்லையே" என்றாள் ஆர்லீன். பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. மயக்கத்துக்குக் காரணம் தெரிந்து, ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் பஸ் சாவி என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து ஆர்லீன் ஒரு நோட்டு போட்டாள். அந்த இரண்டு நாளும் காலையிலிருந்து என்ன தின்றாள், எங்கே நின்றாள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒன்று விடாமல் எழுதினாள். ஜாய்ஸ் என்ற பெயரின் கீழ் மட்டும் இரண்டு கோடு. சர்ச் முடிந்ததும் ஜாய்ஸ் நீட்டும் காப்பியை அங்கிருந்த தொட்டிச் செடிக்கு ஊற்றினாள். செடி நன்றாகவே வளர்ந்தது. அதற்கும் சந்தேகப்பட்டாள்.

நவம்பர் கடைசியில் அந்த நோட்டையும் கைக்குட்டை மிட்டாயையும் தூக்கிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி, பெரிய ஊரில் இருந்த ஒவ்வாமை டாக்டரிடம் போனாள். டாக்டர் ஹதாதுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

"இந்த மிட்டாயைச் சோதிக்கணும் டாக்டர். உள்ள ஏதோ இருக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. அதுதான் ஆர்லீனுக்குப் பிடித்தது. நோட்டை நிதானமாகப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து, ஜாய்ஸை விட்டுவிட்டு, வேறொரு வரியின் கீழ் கோடு போட்டார். பக்கத்தைத் திருப்பி இன்னொரு கோடு.

"ரெண்டு நாளும் குளவி கொட்டினதுன்னு எழுதியிருக்கீங்களே?"

"ஆமா. மரத்தடியில கழுத்துல ஒண்ணு. ஷெட்டுல, சாறு டம்ளர்ல உக்காந்திருந்தது விரல்ல கொட்டிச்சு. வெங்காயம் தேச்சேன்."

"இருதய டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அதைப் போயி எதுக்குச் சொல்றது? நாங்க ஆப்பிள்காரங்க டாக்டர். சீசனுக்குப் பத்து கொட்டு வாங்குவோம். எவ கணக்கு வெச்சா?"

"வீங்கிச்சா? தடிச்சுதா?"

"ஒரு மண்ணும் இல்ல. அதான் சொல்றேன்ல, அது இல்லன்னு."

டாக்டர் எழுந்தார். "தொடையைக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

அங்கே சிறு சிறு பழுப்புப் புள்ளிகள். பத்து வருடமாக வயசுப் புள்ளி என்று ஆர்லீன் நினைத்துக்கொண்டிருந்தவை. டாக்டர் ஒன்றை விரலால் தேய்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிவந்து மேலெழும்பியது! ஆர்லீன் குனிந்து பார்த்தாள். தன் தோலே தன்னிடம் இத்தனை நாள் ஒன்றை மறைத்து வைத்திருந்தது.

இரத்தம் எடுத்தார்கள். ஒவ்வாமை வரும்போது இரத்தத்தில் ஏறும் ஒரு பொருள், எந்தப் பூச்சியும் கொட்டாத அந்த நாளிலேயே எக்கச்சக்கமாக இருந்தது. பிறகு எலும்பு மஜ்ஜையிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள்.

"மாஸ்ட் செல்னு ஒண்ணு இருக்கு" என்றார் டாக்டர். "உடம்புக்குக் காவல்காரங்க மாதிரி. உங்களுக்கு அவங்க எண்ணிக்கை ரொம்ப அதிகம். வருஷா வருஷம் கொட்டு வாங்கி, இப்பத்தான் அந்த விஷம் அவங்களுக்கு எதிரியா அடையாளம் தெரிஞ்சிருக்கு. குளவி விஷம் மாதிரி ஏதாவது உள்ள வந்தா எல்லாரும் ஒரே நேரத்துல கையில இருக்கிறதை வீசிடறாங்க. தோல் தடிக்காமலேயே ரத்த அழுத்தம் விழுந்துடும். இன்னொரு கொட்டு உயிரைக்கூட எடுத்திருக்கும்."

"ஒருத்தனைப் பாத்து எல்லாரும் சேந்து பாயறது. எங்க ஊரு மாதிரியே" என்றாள் ஆர்லீன். சொன்ன பிறகுதான் கண் கலங்கியது. பின்னால் நாற்பத்தோரு பிள்ளைகளோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சரிந்திருந்தால்?

குளிர்காலம் முழுக்க வாரா வாரம் ஒன்றரை மணி நேரம் போய்க் குளவி விஷத்தையே துளித்துளியாக ஊசியில் ஏற்றிக்கொண்டாள். பிறகு மாதம் ஒன்று, ஆயுசுக்கும். எங்கே போனாலும் பையில் இரண்டு அவசர ஊசிப் பேனாக்கள், குளவி கொட்டினால் உடனே தொடையில் குத்திக்கொள்ள. ஏப்ரலில் டாக்டர் கடிதம் எழுதினார். அதில் ஒரு நிபந்தனை இருந்தது: ஷெட்டில் ஒருவராவது அந்த ஊசியைப் போடக் கற்றிருக்க வேண்டும்.

காலை ஐந்தரைக்கு ஷெட்டில் இருக்கும் ஒரே ஆள் யார்? ஜாய்ஸ்.

ஊசி இல்லாத பழகு பேனாவை ஆர்லீன் மேசையில் வைத்தாள். "எந்திரி. என் தொடையில குத்திப் பழகு."

ஜாய்ஸ் ஓங்கிக் குத்தினாள்.

"அம்மாடி! எத்தனை நாளா காத்திருந்த இதுக்கு?"

"போன அக்டோபர்ல என் காப்பியைச் செடிக்கு ஊத்தினியே, அன்னியிலேருந்து."

ஆர்லீன் விறைத்தாள். "உன் மிட்டாயில ஏதோ இருக்குன்னு நெனச்சேன். ட்ரெண்டுக்கு என் பஸ்ஸைத் தரணும்னு."

"ட்ரெண்டா? ஓட்டறப்பல்லாம் அழறான்டி. அந்தப் பிள்ளைங்க அவனைப் படுத்தற பாடு!" ஜாய்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். குரல் தாழ்ந்தது. "நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. நீ குடிக்கிறன்னு நெனச்சேன். தோட்டத்துலேருந்து வர்றப்பல்லாம் உன் கோட்டுல புளிச்ச ஆப்பிள் வாசம். யாரும் மோந்துடக் கூடாதேன்னுதான் மிட்டாயா குடுத்துக்கிட்டே இருந்தேன்."

"கீழே கெடந்து அழுகின ஆப்பிளைப் பொறுக்குறவ மேல வேற என்ன வாசம் வரும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து சொன்னியா?"

"நீ கேட்டியா?"

ஜாய்ஸ் சுவரில் தொங்கிய பதினாலாம் நம்பர் சாவியை எடுத்து நீட்டினாள். கூடவே, கை தானாகப் போய் டப்பாவிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டையும் எடுத்துவிட்டது.

ஆர்லீன் சாவியை வாங்கிக்கொண்டாள். மிட்டாயைப் பார்த்தாள்.

"முதல்ல நீ ஒண்ணு தின்னு."

ஜாய்ஸ் முறைத்தாள். டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து வாயில் போட்டு, கடகடவென்று கடித்து, நாக்கை நீட்டிக் காட்டினாள். ஆர்லீன் ஒரு முழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஜாய்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் தன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். உட்காருமுன் இருக்கைக்கடியில் குனிந்து குளவி இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு வண்டியைக் கிளப்பினாள்.