மஞ்சள் மழைக்கோட்டு

என் வீட்டுக்காரருக்கு நில அளவை உத்தியோகம். இடவப்பாதி மழையானாலும் துலாமழையானாலும் பொன்முடிக் காட்டில் அலைய வேண்டும். மழைக்கோட்டு வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்கு என்னையும் அழைத்துப் போனார். கறுப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. இரண்டிலும் தண்ணீர் இறங்காது என்றார் கடைக்காரர். நாலு பேர் முன்னால் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. மஞ்சளை விரலால் தொட்டேன்.

"இதைப் போட்டுண்டா கொன்னைமரம் நடந்து வராப்போல இருக்குமேடி!" என்று சிரித்தார்.

"தூரத்துலேயே நீங்கதான்னு தெரியுமோன்னோ" என்றேன் மெதுவாக.

அந்த வருஷமே கல்லாறு பெருகி, அவரும் ஆட்களும் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒரு மாலை, கொட்டும் மழையில் தெருமுனையில் மஞ்சள் தெரிந்தது. கூச்சத்தை மறந்து தெருவில் ஓடினேன். கோட்டுக்குள் வேறு முகம். அவரிடம் அளவுச் சங்கிலி பிடிக்கிறவன்.

"எனக்குக் காய்ச்சலு அம்மா. ஸாருதான் இதைப் போட்டுவிட்டு, முதல் தெப்பத்துல ஏத்திவிட்டாரு. பின்னால வாறேன்னாரு. அவரு ஏறின தெப்பத்தை வெள்ளம் கொண்டு போச்சு." அழுதுகொண்டே பொத்தானைக் கழற்றினான்.

"கழற்றாதேப்பா, மழை பெய்யறது" என்றேன்.

அவன் கோட்டோடு திரும்பி நடந்தான். முதுகுப் பக்கம் பார்த்தால் அவரேதான். திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அவன் தெருமுனை தாண்டும் வரைக்கும் அவர் உயிரோடு இருந்தார் என்றுதான் இன்றைக்கும் எனக்கு எண்ணம்.