மாமியார் பார்க்காத மூவாயிரம்

அழைப்பிதழ் வடிவமைக்கும் மாப்பிள்ளையின் கணினியில் மூவாயிரம் எழுத்துருக்கள் இருந்தன. தடித்தவை, ஒல்லியானவை, நெளிந்தவை என்று ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து, சோறு ஆறினாலும் கவலையில்லாமல் புரட்டிக்கொண்டிருப்பார்.

மாமியாருக்குக் கண்புரை. ஆபரேஷன் என்றாலே எழுந்து போய்விடுவார். ஒருநாள் காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் மாற்றிப் போட்டுக்கொண்டார். மாத்திரை டப்பாவில் பெயர் ஒட்ட எந்த எழுத்து தெரிகிறது என்று பார்க்க மாப்பிள்ளை அவரைத் திரைமுன் உட்காரவைத்தார்.

“இதென்ன மாப்பிள்ளை, எறும்பு செத்துக் கிடக்கு?”

“இது பரிசு வாங்கினது அத்தை.”

“குடுத்தவனுக்குக் கண்ணு நல்லா இருந்திருக்கும். அடுத்ததைக் காட்டுங்க.”

டப்பாவுக்கு அன்றே ஒன்று கிடைத்துவிட்டது. மாமியார்தான் விடவில்லை. மாலைதோறும் வந்து உட்கார்ந்தார். மாதம் முடிந்தபோது தேறியவை பதினொன்று.

அவற்றை ‘அத்தை’ என்ற ஃபோல்டரில் போட்டார் மாப்பிள்ளை. மற்றதையெல்லாம் இன்னொன்றில் தள்ளி, அதன் பெயரைப் பெரிதாக்கிக் காட்டினார்.

மாமியார் எழுத்துக் கூட்டிப் படித்தார்: “அத்தை ஆபரேஷனுக்கு அப்புறம்.”

திரைக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தார்.

“அதுல எத்தனை இருக்கு?”

“மூவாயிரத்துக்குப் பதினொண்ணு கம்மி.”

“சரி, டாக்டர்கிட்ட நாள் கேளுங்க.”