கோப்புக்காகப் பெயிலாக்கிய பிள்ளை

துறைத் தலைவர் அவர்களே, நீங்கள் பொய் எழுதினீர்கள். தான் செய்ததைச் சோதித்துப் பார்க்கத் தெரியாதவள் என்று ஒரு பிள்ளையைப் பற்றி எழுதினீர்கள். அது பொய் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தாளின் அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, புத்தளத்தில், கணினிப் பட்டப்படிப்பு நடத்துகிற ஒரு சின்ன நிறுவனத்தில். நான் அங்கே விரிவுரையாளர். முன்னேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அந்தப் பிள்ளை ஆலங்குடாவிலிருந்து வந்தாள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு வந்த குடும்பம். வாப்பாவுக்குக் கடற்கரையில் ஒரு கருவாட்டு வாடி. காயப்போட்ட மீனில் மழை விழுந்தால் அன்றைய பாடு அவ்வளவும் போச்சு. இவள் இறுதி வருடச் செயற்றிட்டமாக ஒரு சின்னப் பெட்டி செய்தாள். காற்றில் ஈரம் ஏறினால் அது கண்டுபிடித்து வாப்பாவின் போனுக்கு அழைப்பு எடுக்கும். உடனே ஓடிப்போய்ப் படங்கை இழுத்து மீனை மூடலாம். அவ்வளவுதான்.

நேர்முகத் தேர்வில் பெட்டியை மேசையில் வைத்து அதன்மேல் வாயால் ஊதினாள். யாருடைய நம்பருக்கு அழைப்புப் போகும் என்பதை மாற்ற மறந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வாப்பாவிடமிருந்து அவளுடைய போனுக்கு அழைப்பு வந்தது. பதறிப்போய் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள்.

"மகள், பெட்டி உன்கிட்ட, போன் எனக்கு அடிக்கிது. இஞ்ச வெயில் மண்டையப் பிளக்குது. நெத்தலிய மூடவா, வேணாமா?"

"மூட வேணாம் வாப்பா. நான் பரீட்சையில நிக்கிறன்."

"அப்ப பரீட்சையிலயா மழை பெய்யுது?"

எல்லாரும் சிரித்தோம். தலைவர் அவர்களே, நீங்கள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் தொழிலில் கற்றல் பேறு என்று ஒன்று உண்டு. படிப்பு முடியும்போது மாணவர் எதையெல்லாம் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்கிற பட்டியல் அது. ஒவ்வொன்றுக்கும் நேரே 'எட்டினார்' அல்லது 'எட்டவில்லை' என்று குறிக்க வேண்டும். ஒன்று எட்டாவிட்டாலும் பட்டம் இல்லை. வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்தால் அந்தக் கோப்பைத்தான் திறக்கும். அதில் மூன்று மாணவர்களின் வேலை இருக்க வேண்டும். மேல் ஒன்று, நடு ஒன்று, கீழ் ஒன்று. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் பாஸ் போடவில்லை என்று காட்டத்தான் கீழ் மாதிரி.

அந்த வருடம் கீழ் மாதிரி இல்லை. எல்லாரும் நன்றாகச் செய்திருந்தார்கள். வேறு இடமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

"எல்லாரும் பாஸ் எண்டா வாறவங்க என்ன நினைப்பாங்க? பரீட்சையே லேசு எண்டு எழுதிட்டுப் போவாங்க," என்றீர்கள். "ஒராளை மட்டும் ஒரு பேறுல கீழ போடுங்க. கோப்புக்கு மட்டும்தான் மிஸ். பிறகு மாத்திருவோம். சத்தம் போடாத பிள்ளையா ஒண்டு பாருங்க."

நான்தான் அவளைக் காட்டினேன். வேறு யாருமில்லை, நான்தான்.

ஏன் அவள்? அவளுடைய அறிக்கையில் சோதனை பற்றிய பகுதி அரைப் பக்கம்தான் இருந்தது. அது அரைப் பக்கமாக இருந்ததற்கும் நானே காரணம். அவள் இரண்டு மாதம் அந்தப் பெட்டியை வாடியில் வைத்துச் சோதித்து, ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தாள். எத்தனை மணிக்கு அடித்தது, மழை வந்ததா, அடித்தும் வராமல் போனதா, எல்லாம் இருந்தது. பாதி அவளுடைய எழுத்து, பாதி வாப்பாவுடைய எழுத்து. அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது கருவாடு மணத்தது. "இதையெல்லாம் சேர்க்க வேண்டாம், சுருக்கமாக எழுதினால் போதும்" என்று திருப்பிக் கொடுத்தேன். பிறகு அந்த அரைப் பக்கத்தைக் காட்டியே 'சோதித்து மதிப்பிடுதல்: எட்டவில்லை' என்று போட்டேன்.

குழு வந்தது. தாள்களைப் புரட்டியது. எங்கள் மதிப்பீடு கண்டிப்பானது என்று பாராட்டி எழுதிவிட்டுப் போனது.

மாற்றச் சொல்லிக் கேட்டு உங்கள் அறைக்கு வந்தேன்.

"இப்ப மாத்தினா அண்டைக்குக் காட்டினது பொய் எண்டாகும். விளங்குதா மிஸ்? ஒரு பிள்ளைக்காக மத்தப் பிள்ளைகள்ட பட்டத்தையும் சந்தேகத்துல விடேலுமா? அடுத்த வருஷம் திரும்பச் செய்யட்டும்."

கொழும்பில் ஒரு கம்பெனி அவளைத் தெரிவு செய்திருந்தது. பெறுபேற்றுக் கடிதத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை போனது. மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்தாள். அந்தக் கொப்பியையும் கூட வைத்திருந்தாள். நீங்கள் அதைத் திறக்கவேயில்லை. அறிக்கையோடு வராததைச் சான்றாக எடுக்க முடியாது, சோதிக்கத் தெரியாதவள் என்ற முடிவில் மாற்றமில்லை என்று எழுதிப் பேனாவை என் பக்கம் தள்ளினீர்கள். எதிர்க் கதிரையில் இருந்த நான் கையெழுத்துப் போட்டேன். என் ஒப்பந்தம் அந்த மாதம்தான் முடிய இருந்தது.

திரும்பச் செய்ய அவள் வரவில்லை. நானும் தேடவில்லை.

போன மாதம் ஒரு மாணவி அறிக்கை கொண்டுவந்து தந்தாள். பின்னால் சோதனைக் குறிப்புகள் முழுவதையும் இணைத்திருந்தாள். யார் இப்படிச் சேர்க்கச் சொன்னது என்று கேட்டேன்.

"கற்பிட்டியில பைண்ட் பண்ற கடையில ஒரு லாத்தா இருக்காங்க மிஸ். சோதிச்ச எல்லாத்தையும் பின்னால சேருங்க, மிஸ் வேணாமெண்டாலும் சேருங்க எண்டு சொன்னாங்க."

அந்த அக்கா அவளாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த நாளே கற்பிட்டிக்கு பஸ் ஏறினேன்.

போட்டோப் பிரதி எடுக்கிற சின்னக் கடை. அவள் ஒரு அறிக்கைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, கதிரையைத் துடைத்து, "இருங்க மிஸ்" என்றாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கீழ் மாதிரி தேவைப்பட்டதை, அவளை நான் காட்டியதை, எல்லாவற்றையும்.

அவள் அழவில்லை. துளை போட்ட தாள்களைத் தட்டித் தட்டி ஒழுங்காக்கினாள்.

"ரெண்டு வருஷமா நான் எங்க பிழை விட்டன் எண்டு தேடிட்டு இருந்தன் மிஸ்," என்றாள். "பெட்டியைக் கழட்டிக் கழட்டிப் பார்த்தன். நல்லாத்தான் வேலை செய்யுது. அப்ப எனக்குத்தான் விளங்கல்ல எண்டு நினைச்சன்."

தாள்களைக் கீழே வைத்தாள்.

"வாப்பாட்ட நீங்களே சொல்லுங்க. நான் படிக்காமக் கெடுத்துட்டன் எண்டுதான் அவர் நினைக்கிறார். நான் சொன்னா நம்பமாட்டார்."

ஆலங்குடாவில் அந்த வாடியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. தூரத்தில் வெள்ளைக்காரர்கள் கடலுக்குமேல் பட்டம் விட்டு அதன் பின்னால் பலகையில் இழுபட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு மனிதர் நெத்தலியைக் கையால் பரத்திக்கொண்டிருந்தார். மகளுக்குப் படிப்பித்த டீச்சர் என்றதும் மடித்துக் கட்டியிருந்த சரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். பாதி சொல்லியிருப்பேன், அவருடைய போன் அடித்தது. எடுக்கவில்லை. வானத்தை ஒரு தரம் பார்த்தார்.

"டீச்சர், அந்தப் பக்கத்தைப் பிடிங்க!"

படங்கின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர் இழுத்தார். கல் வைத்து முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஓலைக் கூரைக்கடியில் ஒதுங்கினோம். அவர் ஒரு கொப்பியை எடுத்தார். பழைய கொப்பியல்ல. அது முடிந்து, இது மூன்றாவதாம். நேரத்தைப் போட்டு, 'அடித்தது. மழை வந்தது' என்று எழுதினார். யாரும் கேட்காமலே இரண்டு வருடமாக அந்தச் சோதனை நடக்கிறது.

மிச்சத்தையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொப்பியை மூடினார்.

"அவளுக்கு நான் ஏசினேனே டீச்சர்," என்றார். "பஸ்ஸுல போய்ட்டு வந்ததுதான் மிச்சம் எண்டு வாய்க்கு வந்ததெல்லாம் ஏசினேனே. அவ ஒண்டும் திருப்பிச் சொல்லல்ல."

பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ பெயில் எண்டது ஊருக்கே தெரியும். இல்லையெண்டு நீங்க என்கிட்ட மட்டும் வந்து சொல்றீங்க. இதை வெச்சு நான் என்ன செய்ய?"

மழை விட்டதும், படங்கைத் திறக்க உதவிவிட்டு வந்தேன்.

கோழைத்தனமாகப் போட்ட ஒரு கையெழுத்து ஒரு வீட்டுக்குள் போய், தகப்பனையும் மகளையும் இரண்டு வருடம் மனம்விட்டுப் பேசாமல் வைத்திருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. இப்போது ஒவ்வொரு தடவை 'எட்டவில்லை' என்று எழுதப் போகும்போதும் என் கை நிற்கிறது. இதை எழுதிய பிறகு எனக்கு அந்த வேலை இருக்குமோ தெரியாது. இல்லாவிட்டால் போகட்டும்.

தலைவர் அவர்களே, என்னைத் தனியே அறைக்குக் கூப்பிட வேண்டாம். வருகிற பட்டமளிப்பு விழாவுக்கு ஊரே வரும். அந்த மேடையில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று சொல்லுங்கள்: அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியாது? எதைச் செய்ய அவளால் முடியவில்லை? பதிலை நானும் கேட்க வேண்டும், அவளுடைய வாப்பாவும் கேட்க வேண்டும். முன் வரிசையில் அவருக்கு ஒரு கதிரை போட்டுவிட்டுப் பேசுங்கள்.