அரணைக்கு ஞாபகம் வரக் கூடாது

இன்று பேசின் பிரிட்ஜ் நிலையத்தில் வெயிலில் காய்ந்த ஸ்லீப்பர் கட்டைகளின் தார் வாடை மூக்கில் ஏறியதுமே, ராயபுரத்தில் எங்கள் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் அதே கட்டைகள் அடுக்கியிருந்த யார்டுக்குப் போய்விட்டேன். காலை வெயில் ஏறினால் போதும், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் அரணை ஒன்று மேல்கட்டைக்கு வந்து, கொஞ்சம் ஓடும், நிற்கும், நாக்கை நீட்டும், வந்த வேலை என்னவென்று யோசிப்பதுபோல் தலையைச் சாய்க்கும், மறுபடி ஓடும். பள்ளிக்கூட மணி அடிப்பதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அது என் தங்கை ஸ்டெல்லாவின் கால்விரல் வரை வந்து, நின்று, திரும்பிப் போய்விட்டது. அரணை நக்கினால் மரணம் என்று கேட்டிருந்தவள் ஓவென்று அழுதாள்.

"நக்குச்சா? இல்லல்ல?" என்றாள் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா. "அதுக்கு மறதி ஜாஸ்திடி. நக்கத்தான் வந்துகினு இருந்திருக்கும், வழியிலயே மறந்து பூட்ச்சி."

ஸ்டெல்லா அழுகையை நிறுத்தினாள். "ஞாபகம் வந்துட்ச்சின்னா இன்னா பண்றது?"

அம்மா அடுத்த மீனை எடுத்து அலசத் தொடங்கினாள்.

அன்றிலிருந்து, அதற்கு எங்கள் நினைப்பு வந்துவிடக் கூடாதே என்று, அந்தக் கட்டைகளைத் தாண்டும்வரை நாங்கள் வாய் திறந்ததில்லை. அங்கே இப்போது சிமெண்டுக் கிடங்கு நிற்கிறது. போன வாரம் கைக்குழந்தையோடு அவ்வழியே என்னுடன் வந்த ஸ்டெல்லா, சிணுங்கிய குழந்தையின் வாயை மெல்லப் பொத்தினாள்.