தகட்டில் நின்ற காபிக் கடை

"மேடம், துகான் நிகால் தோ, பஸ்" என்றான் பில்டர். படத்திலிருந்து கடையை எடுத்துவிட வேண்டுமாம், அவ்வளவுதானாம். நான் மூன்று மாதம் கீறிய செம்புத் தகடு எதிரே கிடந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. மராட்டிய மண்ணில், கசார்வாடியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே எனக்கு ஒரு எட்சிங் பட்டறை இருந்தது. ஒரு பொம்பளை பிரஸ் சுற்றுகிறாள் என்று வேடிக்கை பார்க்கவே ஆள் வரும். எட்சிங் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, ஆசிட்டில் போட்டால் கீறிய இடம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் நிற்கும் மைதான் தாளில் ஏறும்.

பேட்டைக்குள் இருந்த பழைய வாடா ஒன்றை, முற்றம் வைத்த பெரிய மர வீடு அது, பில்டர் வாங்கியிருந்தான். இடிக்குமுன் அதைப் படமாக்கி, ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு அறுபது பிரிண்ட் பரிசளிக்க அவனுக்கு ஆசை. அதன் முகப்பில் செல்வராஜ் அண்ணாச்சி காபிக்கொட்டை அரைத்து விற்றார். தூத்துக்குடிக்காரர். இருபத்தைந்து வருட வாடகைக்காரர், காலி செய்ய மாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போனவர். அங்கே அப்படி ஒரு கடையே இருந்ததில்லை என்று பில்டர் சாதித்துக்கொண்டிருந்தான். படத்தில் கடை வந்ததும் அதுவே சாட்சியாகிவிடும் என்று பயந்தான்.

எனக்கோ முதல் பெரிய ஆர்டர். வாயை மூடிக்கொண்டு கடையை ஸ்கிரேப்பரால் சுரண்டித் தேய்த்தேன். சுரண்டினால் தகடு குழியும், பின்பக்கம் தட்டிச் சமன் செய்ய வேண்டும். இது தொழிலில் பாலபாடம். அவசரத்தில் அதை விட்டுவிட்டேன். சோதனைக்கு அச்சடித்த புரூஃபில் கடை இருந்த இடம் சாம்பல் கறையாக விழுந்தது.

அன்று பார்த்துப் படம் பார்க்க அண்ணாச்சி வந்துவிட்டார், கையில் காபித்தூள் பொட்டலம் வேறு.

"எம்மா, என் கடைய எங்க?"

அண்ணாச்சி கறையையே பார்த்தார். "கோர்ட்ல அவன் என்னய இல்லங்கான். நீயும் இல்லங்கியா?"

பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் அந்த இடத்தில் மறுபடி மெழுகு பூசினேன். கடை, அரைக்கும் மிஷின், தராசு, அண்ணாச்சி எல்லாம் கீறி, இரண்டு மடங்கு நேரம் ஆசிட்டில் கிடக்க விட்டேன். அறுபது பிரிண்டிலும் கடைதான் கன்னங்கரேலென்று முதலில் கண்ணில் பட்டது.

வாங்க மாட்டேன், கேஸ் போடுவேன் என்றான் பில்டர். போடு, படத்தோடு நானும் கோர்ட்டுக்கு வருகிறேன் என்றேன். அவன் ஆபீஸில் வைத்த அறுபதையும் அள்ளிக்கொண்டு ரிக்ஷா ஏறினேன்.

படம் இருந்தும் அண்ணாச்சி கேஸில் தோற்றார். கடையைக் காலி செய்த அன்று முதல் பிரிண்டை அவரிடம் கொடுத்தேன். மை மேடாக ஏறியிருந்த இடத்தை விரலால் தடவினார். "இத எவனும் காலி பண்ணச் சொல்ல முடியாதுல்லா" என்றார்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, வாடிக்கையாளர் கேட்டால் கோட்டைத் தடிப்பாக்குங்கள், மெல்லிசாக்குங்கள். இருந்ததை இல்லை என்று காட்டச் சொன்னால் வாசலைக் காட்டுங்கள். பேசிய எண்ணிக்கை பிரிண்ட் முடிந்ததும், இனி அச்செடுக்க முடியாதபடி தகட்டின் குறுக்கே கோடு கிழித்து அதைச் சாகடிப்பது எங்கள் வழக்கம். அந்தத் தகட்டில் மட்டும் நான் கோடு கிழிக்கவில்லை. வாடா இருந்த இடத்தில் இன்று ஏழு மாடி நிற்கிறது. கேட்பவர்களுக்கெல்லாம் அண்ணாச்சி கடையை இன்னும் அச்சடித்துக் கொடுக்கிறேன்.