'வூண்டட்' என்று எழுதிவிட்டேன்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். தூத்துக்குடித் துறைமுகத்தில், பஞ்சு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தா. சாயர்புரத்தில் படித்தவன். இங்கிலீஷில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு நிறையவே உண்டு.

ஒருநாள் தோணியில் பஞ்சுப் பொதி ஏற்றும்போது, பொதியைக் குத்தித் தூக்கும் ஒரு தொழிலாளியின் கைக்கொக்கி வழுக்கி, எதிரே நின்ற கூட்டாளியின் தொடையில் இறங்கிவிட்டது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். அடிபட்டார் என்பதற்கு 'இன்ஜர்ட்' என்று போடுவது சப்பென்று இருப்பதாகப் பட்டது. ரத்தம் வந்திருக்கிறதே என்று 'வூண்டட்' போட்டேன். குத்தியவர் பெயரையும் சேர்த்தேன். யுத்த காலமானதால் அதில் ஒரு நகல் போலீசுக்கும் போனது.

மறுநாள் காலை கொக்கிக்காரரின் மனைவி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, எங்க வீட்டு ஆள போலீசு புடிச்சிட்டுப் போயிட்டாவ. குத்துனாகன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தியளாமே? அவுக ரெண்டு பேரும் ஒரே சட்டியில கஞ்சி குடிக்கவுகளாச்சே!"

ஸ்டேஷனுக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர் என் ரிப்போர்ட்டையே எடுத்து முன்னால் போட்டார்.

"ஆயுதத்தால தாக்குனாத்தான்வே வூண்டட். விபத்துல அடிபட்டா இன்ஜர்ட். இதப் படிச்சா அடிதடின்னுதான நெனைப்பாங்க? உங்க கம்பெனித் துரைகிட்ட திருத்தி வாங்கிட்டு வாரும்."

வேலை போனாலும் போகட்டும் என்று, 'இன்ஜர்ட்' எனத் திருத்தி, தவறு என்னுடையது என்றும் எழுதி, பழைய ரிப்போர்ட்டோடு வெள்ளைக்காரத் துரையிடம் நீட்டினேன். அவர் இரண்டு தாளையும் பார்த்தார். "என் மகன் போர்முனையில் இருக்கிறான். இந்த வார்த்தையோடு எனக்கு ஒரு தந்தி வந்தால் எப்படி இருக்கும்?" என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தத் தாளைக் காட்டியதும் மத்தியானமே போலீசார் கொக்கிக்காரரை விட்டுவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தார். நானும் கூடவே போனேன்.

"ஏலே, எங்கலே போன? காலையில இருந்து வழி பாத்துட்டுக் கெடக்கேன்" என்றார் கட்டிலில் கிடந்தவர்.

நான் தலை குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் அடிபட்ட தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீங்க எந்த வார்த்தைய எழுதுனாலும் வலி எனக்குத்தான அண்ணாச்சி!"

சேதி கேட்டு அங்கே வந்த கொக்கிக்காரரின் மனைவி கொண்டுவந்திருந்த கஞ்சியில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. ஒரு மாதத்தில் இருவரும் மறுபடி ஒரே தோணியில் ஏறினார்கள்.

அதன்பிறகு யாரைப் பற்றி எழுத நேர்ந்தாலும், அடிபட்டதா, அடித்தார்களா என்று விசாரிக்காமல் நான் பேனாவைத் திறந்ததில்லை. அகராதியைவிட அந்த ஆஸ்பத்திரிச் சிரிப்புதான் எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தது.