அணைத்து வைத்த வரி

1. காலையில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது.
2. சாயப்பட்டறைக் கணினி அணைந்து, தானாகவே எழுந்தது.
3. மதியம் மெஷினிலிருந்து இறங்கிய துணி, கேட்ட நீலத்தைவிட மிகவும் அடர்ந்திருந்தது.
4. ஆபரேட்டர் பட்டனை அழுத்தி இரண்டாம் முறை சாயம் விட்டுவிட்டார் என்றார் டையிங் மாஸ்டர்.
5. ஆபரேட்டர் மறுத்தார். நாளை முதல் வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

சாயத்தை அளந்து விடும் நிரலை எழுதியவள் நான். திரையில் எதுவும் காட்டாமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பது அது. அதற்குள் ஓர் அசெர்ஷன், அதாவது சரிபார்க்கும் வரி, வைத்திருந்தேன்: சாயம் எத்தனை முறை விடப்பட்டது என்று என் பதிவிலுள்ள எண்ணிக்கையும் வால்வு வைத்திருக்கும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடு. வெள்ளோட்டத்தில் அது இரண்டு முறை நின்றது. சும்மா சும்மா நின்றால் துணி எப்படி வெளியே போகும் என்று மேனேஜர் கடிந்துகொண்டார். பட்டறைக்குக் கொடுக்கும் பதிப்பில் இத்தகைய வரிகளை அணைத்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம்தான். அணைத்தேன். ஏன் நின்றது என்று பார்க்கவில்லை.

காலையில் நடந்ததையே மறுபடி நடத்திப் பார்க்க, மேனேஜரிடம் அரை மணி நேரம் மெஷினைக் கேட்டு வாங்கினேன். சாயத்துக்குப் பதில் வெறும் தண்ணீர். அசெர்ஷனைத் திரும்பப் போட்டேன். அது இம்முறை பேசாமல் இருந்துவிட்டால் ஆபரேட்டருக்கு வேலை இல்லை.

"பட்டன அமுக்கறது ஆளுதானுங்க மேடம். கம்ப்யூட்டருக்குக் கையா இருக்குது?" என்றார் மாஸ்டர்.

ஆபரேட்டர் பட்டன் இருக்கும் பேனலிலிருந்து நான்கடி தள்ளி, எல்லோரும் பார்க்கும்படி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தாராபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அவருடைய மதியச் சாப்பாடு பிரிக்காமல் ஜன்னலில் இருந்தது.

வால்வு ஒருமுறை திறந்து மூடியது. நான் சொல்லிவைத்தபடி உடனே பட்டறை எலக்ட்ரீசியன் மெயினை இறக்கினார். ஜெனரேட்டர் ஓடியது. கணினி எழுவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது.

நிரல் நின்றது. பதிவின் கடைசி வரி: என் எண்ணிக்கை பூஜ்யம், வால்வின் எண்ணிக்கை ஒன்று. சாயம் விட்டதை டிஸ்கில் எழுதும் முன்பே கணினி அணைந்திருக்கிறது. எழுந்ததும் மறுபடி விடப் பார்த்திருக்கிறது.

"தப்பு என் புரோகிராமுலதானுங்க. அதப் புடிக்கிற வரிய நாந்தான் அணைச்சு வெச்சிருந்தேன்," என்றேன்.

மாஸ்டர் வால்வைக் குனிந்து பார்த்தார். ஆபரேட்டர் கைகளை அவிழ்த்தார்.

"அப்ப இத்தன நாளா அதோட வாயக் கட்டிப் போட்டிருந்தீங்களாக்கும்."

ஆபரேட்டர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆமாங்க என்றேன்.

இப்போது நிரல் எழுந்ததும் முதலில் வால்வின் எண்ணிக்கையைக் கேட்கிறது. அசெர்ஷன் அணைக்கப்படவில்லை, இந்த மாதம் ஒருமுறை நிறுத்தியது, காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆபரேட்டர் அதே மெஷினில் இருக்கிறார். என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறார்.